நிற்காத தண்ணீர்

ஜூன் 8, ஞாயிறு

வாஷிங் மெஷின் வந்து இறங்கிவிட்டது. மேலே மூடி திறக்கிற வகை. தானே தண்ணீர் பிடித்து, தானே துவைத்து, தானே பிழியும். மாடிக்குத் தூக்கி வந்த இரண்டு பேரும் போன மாதம் அடித்த பெயின்டைச் சுவரில் இடித்துப் பெயர்த்துவிட்டார்கள். பின்னால் பிடித்திருந்தவன் பிடரியில் ஒன்று வைத்தேன். அந்தத் தடியன் கையை விட்டுவிட்டான். மெஷின் படியில் தொப்பென்று உட்கார்ந்தது. புது மெஷின்! இன்னொன்று வைத்தேன்.

இது ரஞ்சனிக்காக வாங்கியது. எனக்கு இருப்பது ஒரே மகள், அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். இருபத்தேழாம் தேதி கோவில்பட்டியில் மாப்பிள்ளை வீட்டில் வளைகாப்பு. வளையல் போட்டதும் கையோடு பாளையங்கோட்டைக்கு அழைத்து வந்துவிட வேண்டும். தலைப்பிரசவம் பெற்றவன் வீட்டில்தான். அது என் உரிமை, என் கௌரவம். அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்த வீட்டில் ஒரு ராத்திரி கூடத் தங்கியதில்லை. வருவாள், மத்தியானம் சாப்பிடுவாள், வெயில் தாழ்வதற்குள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். மாமியார் வீட்டில் அவ்வளவு வேலை போலிருக்கிறது. இந்தத் தடவை மூன்று மாதம் இங்கே இருக்கப் போகிறாள். பேரப்பிள்ளையை முதலில் தூக்குகிற கை இந்தத் தவசிமுத்துவின் கையாகத்தான் இருக்கும்.

சொர்ணத்துக்குச் சந்தோஷமே இல்லை. பிள்ளைத் துணியைக் கையால் அலசிக்கொள்ள மாட்டோமா, இது எதற்கு என்றாள். முப்பது வருஷம் கண்டக்டராக நின்றே உழைத்தவன் வாங்கி வந்து வைத்தால், பெண்டாட்டி வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை இது. நல்ல நாளாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 11, புதன்

கம்பெனி ஆள் வந்துதான் மாட்ட வேண்டுமாம். ஒரு குழாயை மாட்ட நமக்குத் தெரியாதா? நானே மாட்டி, நானே ஓட்டினேன்.

தண்ணீர் ஏறியது. பாதிக்கு வந்தது, முக்காலுக்கு வந்தது, துணியெல்லாம் மிதந்தது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்துவிட்டது. இருக்கிற பட்டனையெல்லாம் அமுக்கினேன். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டே தண்ணீரைக் குடிக்கிறது. ஆத்திரம் தாங்காமல் விலாவில் இரண்டு உதை விட்டேன். தகடு நெளிந்ததுதான் மிச்சம். பின்கட்டு முழுக்கக் குளமாகி, கீழ்வீட்டு அடுப்பங்கரையில் ஒழுகியிருக்கிறது.

கீழே குடியிருக்கும் கிருபா டீச்சர் மூச்சு வாங்க ஏறி வந்தாள். தனியாக இருக்கிற பொம்பளை. பார்வை மட்டும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பார்வை. அவளுக்கு நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சொர்ணம் குறுக்கே புகுந்து பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீர் நின்றது. "பிடுங்குனா நிக்குது பாருங்க டீச்சர்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னாள். எனக்குத் தெரியாததை இவள் கண்டுபிடித்துவிட்டாளாம்.

டீச்சர் இறங்கிப் போகும்வரை பொறுமையாக இருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

சொர்ணம் தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. துடைத்துக் காய்ந்த தரையில் எப்படி வழுக்கியது என்று டீச்சர் கேட்டாளாம். வாடகைக்கு இருக்கிறவளுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி?

ஜூன் 13, வெள்ளி

ரஞ்சனி போன் செய்தாள். அம்மாவுக்கு எப்படிக் கட்டு வந்தது என்றாள். கட்டுப் போட்டது அதற்குள் அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. கீழ்வீட்டு வேலையாகத்தான் இருக்கும். மெஷின் கோளாறு, தண்ணீர் வழிந்தது, அம்மா வழுக்கி விழுந்தாள் என்று விவரமாகச் சொன்னேன். பிறகு அம்மாவிடம் கொடுங்கள் என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். "ஆமாம்மா, தண்ணிதான். தரையெல்லாம் தண்ணி" என்றாள் சொர்ணம். சொல்லிக் கொடுத்ததற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இப்படி எப்போதும் இருந்தால் எனக்கு ஏன் கோபம் வரப் போகிறது? சாயந்தரம் நானே போய் அவளுக்கு அல்வா வாங்கி வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

மேலப்பாளையத்திலிருந்து காஜா என்கிற மெக்கானிக் வந்தான். கூப்பிட்டு மூன்றாம் நாள் வருகிறான், அதற்கு ஒரு சிரிப்பு வேறு. மெஷினை ஓட விட்டு, தண்ணீர் ஏறும்போது பிளக்கைப் பிடுங்கினான். தண்ணீர் நின்றது. கரண்டு இல்லாமலும் தண்ணீர் ஏறினால் வாய்க்குழாயில் இருக்கிற வால்வு கெட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தமாம். நின்றுவிட்டால் வால்வு நல்லதுதான், அளவு பார்க்கிற டியூபில்தான் கோளாறாம்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினான். தொட்டியின் அடியிலிருந்து மேலே ஒரு மெல்லிய ரப்பர் டியூப் போகிறது. தொட்டியில் தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் இருக்கிற காற்று நெருக்கப்பட்டு, மேலே ஒரு சின்னப் பெட்டியை அமுக்குமாம். போதும் என்று மெஷினுக்குத் தெரிவது அதனால்தானாம். டியூப் கழன்றிருந்தால் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது, ஊற்றிக்கொண்டே இருக்கும். இங்கே கழன்றிருந்தது. சொர்ணம் மாவுக்கட்டுக் கையோடு பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள். எந்த ஸ்க்ரூ, எந்த டியூப் என்று குனிந்து குனிந்து பார்த்தாள். அவள் இவ்வளவு அக்கறையாக எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"எங்கயோ விழுந்திருக்கு அண்ணாச்சி. மிதியும் பட்டிருக்கு" என்றான் காஜா, நெளிந்த தகட்டைத் தடவிக்கொண்டே. மிதித்தாயா என்று என்னையே கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். அவன் பதறவில்லை. வேலை முடிந்துவிட்டது, விடுங்கள் போகிறேன் என்றான். விட்டேன். பட்டன் ஒன்று என் கையோடு வந்துவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

மெஷின் சொன்ன இடத்தில் நின்றது. ரஞ்சனியிடம் சொன்னேன். "சரிப்பா, பாப்போம்" என்றாள். பார்க்க என்ன இருக்கிறது?

ஜூன் 21, சனி

மறுபடியும் பொங்கிவிட்டது.

முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். காலடியில் ஈரம். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் ஹாலுக்கே வந்துவிட்டது. கையில் அகப்பட்ட ஸ்பானரை வீசினேன். பீரோக் கண்ணாடி சில்லுச் சில்லாகக் கொட்டியது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று தோன்றியது. போர் தண்ணீரில் குளித்தாலே தலைமுடி கம்பியாகி நிற்கிறது. வாய்க்குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த வலைத்துண்டை எடுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை படிந்திருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தேன். மாட்டி ஓட்டினால் பழைய குருடி கதவைத் திறடி என்கிற கதைதான்.

அந்த நேரம் பார்த்து ரஞ்சனி வீடியோவில் வந்தாள். சொர்ணம் போனை எடுத்து, முகத்தைக் காட்டாமல் தரையைக் காட்டினாள். தண்ணீர், அதில் கண்ணாடிச் சில், நடுவில் என் கால். தரை இப்படி இருந்தால் வயிற்றில் பிள்ளையோடு எப்படி நடமாடுவது என்று ரஞ்சனி கேட்டாள். வளைகாப்புக்குள் சரி செய்துவிடுவேன் என்று சொன்னேன். சத்தம் போட்டுச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

பின்தகட்டை நானே திறந்தேன். டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினேன். ஓட்டினேன். நின்றது. காஜாவாவது பூஜாவாவது.

ஜூன் 25, புதன்

இன்று மறுபடி. மெஷினைச் சத்தியமாக மாடியிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன். சொர்ணம் குறுக்கே நின்றாள். நகர்த்தினேன். கதவு நிலையில் அவள் நெற்றி பட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, அவள் நின்ற இடம் அப்படி.

ஜூன் 27, வெள்ளி

வளைகாப்பு.

தாம்பாளம், வளையல், ஐந்து வகைச் சோறு, எதிலும் குறை வைக்கவில்லை. ரஞ்சனி முகம் தெளிந்து, கன்னம் உப்பி, அழகாக இருந்தாள். சொர்ணம் நெற்றியில் அகலமாகச் சந்தனம் பூசி வந்திருந்தாள். வளையல் போடக் குனிந்தபோது ரஞ்சனி அந்தச் சந்தனத்தைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்துப் பார்த்தாள். பிறகு அவளே திரும்பவும் பூசிவிட்டாள். பொம்பளைகளுக்கு ஆயிரம் சம்பிரதாயம்.

எல்லாம் முடிந்து, நான் கார் கொண்டுவரச் சொல்கிறேன். சம்பந்தியம்மாள் பதவிசாக வந்து நிற்கிறாள். அண்ணாச்சி தப்பா நினைக்கக் கூடாதாம். மெஷின் சரியாகி, தரை காய்ந்த பிறகு அனுப்பி வைக்கிறார்களாம். மாப்பிள்ளை சுடலைராஜ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் என்னைப் பார்க்கிறார்கள். வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைக்காமல் திரும்பிய தகப்பன் எங்கள் வம்சத்தில் எவனாவது உண்டா? நான் ரஞ்சனியைப் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

பெண்ணே வராதபோது கார் எதற்கு என்று பஸ் ஏறினோம். பஸ்ஸில் ஒரு பையன் படியில் தொங்கிக்கொண்டு வந்தான். உள்ளே வா என்றேன். சிரித்தான். பிடித்து உள்ளே இழுத்து அறைந்தேன். வாயில் ரத்தம் வந்துவிட்டது. சனங்கள் கூச்சல் போட்டார்கள். நான் கண்டக்டராக இருந்தவன், எனக்குப் படியில் தொங்குகிறவனைத் தெரியும் என்று சொன்னேன். சொர்ணம் எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்படிச் செய்வது இதுதான் முதல் தடவை.

ஜூன் 28, சனி

சொர்ணத்துக்குக் காய்ச்சல். படுத்திருக்கிறாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்க முடியவில்லை என்கிறாள்.

ஜூலை 2, புதன்

காஜா வர மறுத்தான். சட்டையைப் பிடிக்கிற வீட்டுக்கு வரமாட்டானாம். புதுச் சட்டை வாங்கிக்கொண்டு அவன் கடைக்கே போனேன். வாங்கவில்லை, ஆனால் வந்தான். நல்ல மனுஷன்தான்.

தகட்டைத் திறந்தான். டியூபைப் பார்த்தான். போன தடவை அவன் ஒரு கம்பிக் கிளிப் போட்டிருந்தானாம். அது உள்ளே இல்லை, வெளியே ஜன்னல் திண்டில் இருந்தது. திரும்பி சொர்ணத்தைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இது தானா கழறல. யாரோ கழட்டுதாங்க."

வேறு ஒன்றும் சொல்லாமல் கிளிப்பை இறுக்கிவிட்டுப் போய்விட்டான். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பின்கட்டுக்குக் கீழிருந்து ஏற இரும்புப் படி இருக்கிறது. அந்தப் படி டீச்சர் வாசலில் இருக்கிறது. என் மகள் என் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்று எவளுக்கு வயிறு எரியும்? பிள்ளை குட்டி இல்லாதவளுக்குத்தானே.

இறங்கிப் போய் அவள் கதவை உதைத்தேன். தாழ்ப்பாள் பிய்ந்து வந்துவிட்டது. வாசலில் வரிசையாக வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்தேன். மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய் என்றேன். அவள் ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். தான் மாடிக்கு ஏறியதே இல்லை என்றாள். மேலே ஏறாமலே எல்லாம் கேட்கிறது என்றும் சொன்னாள். தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். யாரும் என் பக்கம் பேசவில்லை. பயந்தாங்கொள்ளிகள்.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு நாளாக மெஷின் ஒழுங்காக ஓடுகிறது. இரும்புப் படிக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன் அல்லவா. ரஞ்சனிக்குச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், தயாராக இரு என்றேன். அவள் சரி என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொட்டில் கட்டுவதற்கு உத்திரத்தில் கொக்கி அடித்தேன். சுத்தியல் சத்தம் கேட்கும்போதெல்லாம் சொர்ணம் திடுக்கிட்டுத் திரும்பினாள். கொக்கி அடிக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் அப்படித்தான்.

ஜூலை 5, சனி

டீக்கடைக்குக் கிளம்பியவன் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினேன். பின்கட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். மெஷின் வழிந்துகொண்டிருக்கிறது. அதன் பின்னால் சொர்ணம் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். மாவுக்கட்டுக் கையால் தகட்டைப் பிடித்து மூடிக்கொண்டிருக்கிறாள். கிளிப்பை வாயில் கவ்வியிருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடவில்லை. கிளிப்பை எடுத்துக் கீழே வைத்தாள்.

"மொத தடவ தானா பொங்குச்சு. அதுக்குப் பெறவு எல்லாம் நான்தான். நீங்கதான சொன்னீய, தண்ணியில வழுக்கி விழுந்துட்டேன்னு. அந்தப் பொய்ய நானும் பிடிச்சுக்கிட்டேன். தரை ஈரமா இருக்கிற வரைக்கும் எம்பிள்ள இங்க வரமாட்டா."

என் காதை நம்ப முடியவில்லை. ஏண்டி என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"எனக்கு ரெண்டாவது ஏன் தங்கலன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ வயித்துல பிள்ளையோட இந்த வீட்டுல நடக்கக் கூடாது. என்னைய என்ன வேணும்னாலும் செய்ங்க. அவ இங்க வரக் கூடாது."

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின கதையை எதற்கு இழுக்கிறாள்? அது சில பேருக்கு இயல்பாக நடப்பதுதான் என்று அன்றைக்கு டாக்டரம்மாவே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை விலாவாரியாக எழுதிப் பிரயோசனம் இல்லை. ஸ்க்ரூ டிரைவர் அவள் கையில்தான் இருந்தது. அதைக் கீழே போட்டிருந்தால் நான் அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டேன். மெஷின் மூடி விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டே இருந்தது, பிளக்கைப் பிடுங்க எனக்குத் தோன்றவில்லை. டீச்சரும் தெருவில் நாலு ஆம்பிளைகளும் கதவை இடித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சர் தன் முந்தானையைச் சுருட்டி சொர்ணத்தின் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோ போனதும் என்னை விட்டுவிட்டு வாசலில் காவல் நின்றார்கள். ஈரத்தரையை நானே துடைத்துக் கழுவினேன். வாசலில் ஜீப் வந்து நிற்கிறது. மிச்சம் பிறகு.

ஜூலை 24, வியாழன்

இத்தனை நாள் எழுத முடியவில்லை. டைரி வீட்டில் இருந்தது, நான் வீட்டில் இல்லை.

தன் அடுப்பங்கரையில் ஒழுகிய தண்ணீர் நிறம் மாறியிருந்தது, அதைப் பார்த்துத்தான் மாடிக்கு ஓடியதாக டீச்சர் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஜாமீனில் எடுத்த வக்கீல் அதைப் படித்துக் காட்டினார். வாய் கூசாமல் எழுதியிருக்கிறாள். சொர்ணத்துக்குத் தையல் போட்டிருக்கிறதாம், உயிருக்கு ஒன்றும் இல்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து ரஞ்சனியே வந்து கோவில்பட்டிக்கு அழைத்துப் போய்விட்டாளாம். எட்டு மாத வயிற்றோடு வந்தாளாம். பெற்ற தாயை அழைத்துப் போகத் தெரிந்தவளுக்குப் பெற்ற தகப்பனை ஒரு நடை வந்து பார்க்கத் தெரியவில்லை.

ஜூலை 25, வெள்ளி

கடப்பாரையால் மெஷினை உடைத்தேன். முதலில் மூடி, பிறகு பட்டன் இருக்கிற பலகை, பிறகு விலா. உள்ளே இருக்கிற தொட்டி துருப்பிடிக்காத இரும்பு, லேசில் நெளியவில்லை. கை கொப்புளம் போட்டும் விடவில்லை. அந்த டியூபைப் பிடுங்கித் துண்டு துண்டாக வெட்டினேன். தெருவில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. கீழ்வீடு காலியாகக் கிடக்கிறது. முடித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மகள் என் வீட்டில் பிள்ளை பெற வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அது ஒரு குற்றமா?

ஆகஸ்ட் 9, சனி

ரஞ்சனி போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

என் துணியைக் கையால் துவைக்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 3, புதன்

டீக்கடையில் காஜாவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, நின்றான். "தாத்தா ஆயிட்டீங்களாம்ல அண்ணாச்சி. டீச்சர் சொன்னாங்க" என்றான். என்ன பிள்ளை என்று வாய் வரை வந்துவிட்டது. என் பேரப்பிள்ளையைப் பற்றி வாஷிங் மெஷின் மெக்கானிக்கிடம் நான் கேட்பதா? எல்லாம் தெரியும் என்கிற மாதிரித் தலையாட்டினேன். தாயும் பிள்ளையும் எந்த ஆஸ்பத்திரியில் என்பதை மட்டும் பேச்சோடு பேச்சாக வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய வேட்டிகளை எடுத்தேன். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும், பழைய வேட்டிதான் பூவாக இருக்கும். கிழித்து, அலசி, வெயிலில் போட்டு மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் போகிறேன். சண்டை போடப் போகவில்லை. பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கோவில்பட்டி போய் வந்தேன்.

வார்டு வாசலில் பெஞ்சில் சொர்ணம் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை ஒரு பக்கம் வழித்திருக்கிறார்கள், அந்த இடத்தில் முள் முள்ளாக முளைத்திருந்தது. இளைத்திருந்தாள், ஆனால் முகத்தில் ஒரு தெம்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து கதவை மறித்து நின்றாள். துணிப்பையைக் காட்டினேன். வாங்கவில்லை. பக்கத்தில் இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"இவர உள்ள விடாதீங்க."

இத்தனை வருஷத்தில் மூன்றாம் மனுஷனிடம் அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் இந்தப் பிள்ளையின் தாத்தா என்று வாட்ச்மேனிடம் கத்தினேன். அவன் என் தோளில் கை வைத்தான். தள்ளினேன், சுவரில் போய் மோதினான். சொர்ணத்தை விலக்குவதற்காகத்தான் கையை ஓங்கினேன். அடிப்பதற்காக இல்லை. விலக்குவதற்காக.

கதவு திறந்தது. ரஞ்சனி நின்றாள். பிள்ளை பெற்று இரண்டாம் நாள், நைட்டியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். சின்ன வயசிலும் இப்படித்தான் நடுவில் வந்து நிற்பாள், அப்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். இன்றைக்கு மூடவில்லை.

"அடிங்கப்பா. இத்தன நாளும் கதவச் சாத்திட்டுதான அடிச்சீங்க. இன்னைக்கு எல்லாரும் பாக்கட்டும்."

தாழ்வாரம் முழுக்க ஆட்கள். நர்ஸ்கள், சோற்றுத் தூக்கோடு வந்தவர்கள், கைப்பிள்ளைக்காரிகள். என் கை மேலேயே நின்றது. அதை எப்படிக் கீழே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே பிள்ளை அழுதது. ரஞ்சனி திரும்பினாள், சொர்ணம் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனாள், கதவு சாத்திக்கொண்டது. வாட்ச்மேனும் இன்னொருத்தனும் என்னைக் கேட் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

ரோட்டுக்கு வந்த பிறகு ஒரு ஆயாம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். தள்ளுமுள்ளில் நான் கீழே போட்டுவிட்ட துணிப்பையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்களாம். வாங்கிக்கொண்டேன். என்ன பிள்ளை என்று அவளிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். எங்கே போய் வருகிறீர்கள் என்றார். மகளுக்குப் பிரசவம், பேத்தி பிறந்திருக்கிறாள் என்றேன். ரொம்பச் சந்தோஷப்பட்டார். யார் ஜாடை என்று கேட்டார், என் ஜாடை என்றேன். கயத்தாறு தாண்டியதும் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, மறந்துபோய் மறுபடி கேட்டார், உங்களுக்கு என்ன பிள்ளை என்று சொன்னீர்கள் என்று. பேரன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.